குதிரை நின்ற இடம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, என்னைவிட நான்கு வயது இளைய ஓர் இடிபாட்டைப் பார்க்கப் போயிருந்தேன். சைக்கிளில்.

விளம்பரத்தில் அப்படிப் போடவில்லை. 'செம்பனைக் காட்டுக்குள் பழங்காலக் கோயில் இடிபாடுகள் – வழிகாட்டியுடன் சைக்கிள் பயணம்' என்று போட்டிருந்தது. நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். ஏன் அனுப்பினார் என்பதும் எனக்குத் தெரியும். பத்திரிகையில் செய்தி திருத்தும் மேசையில் உட்கார்ந்திருந்த காலத்தில், 'பழங்கால' என்ற சொல்லை எங்கே கண்டாலும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுகிறவன் நான். எவ்வளவு பழசு? யார் சொன்னது?

விளம்பரத்தில் இருந்த எண்ணை அழைத்து அதையே கேட்டேன்.

"அண்ணே, வந்து பாருங்க லா. பாத்துட்டு அப்புறம் கேளுங்க."

போனேன்.

பேசியவர் பெயர் ரவி. முப்பத்தைந்து வயது இருக்கும். ரவாங் நகரில் வேலை செய்த தொழிற்சாலை மூடப்பட்ட பிறகு சொந்த ஊரான கோலா சிலாங்கூருக்கே திரும்பி வந்துவிட்டார். இங்கே சுற்றுலாப் பயணிகள் மின்மினிப் பூச்சி பார்க்க வருகிறார்கள். மின்மினி இரவில்தான் தெரியும். மறுநாள் காலை? மலைமேல் ஏறிக் குரங்குகளைப் பார்ப்பார்கள், சாப்பிடுவார்கள், பிறகு ஹோட்டல் அறையில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் காலி நேரத்தில் ரவி சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினார். இதுதான் அவருடைய வியாபாரம்.

"மொதல்ல 'தோட்டத்துப் பழைய கோயில்'னுதான் போட்டேன், அண்ணே. ஒருத்தரும் வரல. என் வைஃப்தான் 'பழங்கால'ன்னு மாத்திப் போடச் சொன்னாங்க."

"பிறகு?"

"ஃபுல்."

பத்திரிகைக்காரன் இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? நாங்களும் அதே சொற்களை வைத்துத்தானே பிழைத்தோம்.

அன்று வந்தவர்கள் என்னைச் சேர்த்து நான்கு பேர். ஹாலந்திலிருந்து வந்த ஒரு தம்பதி – கணவர் பீட்டர், மனைவி எல்ஸ். இருவரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். சைக்கிளில் ஏறி உட்கார்ந்தால் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்து இருந்தார்கள். நான்காவது ஆள் தனலெட்சுமி. ஐம்பதை ஒட்டிய வயது, ரவாங்கில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். டிராக் பேன்ட், சுரிதார் மேல்சட்டை, துப்பட்டா, புத்தம் புதிய ஷூ. சைக்கிளின் முன்கூடையில் ஒரு பித்தளைச் சொம்பு, அதற்குள் மடித்த மஞ்சள் துணி.

"தண்ணி நான் குடுப்பேனே, அக்கா," என்றார் ரவி.

"தண்ணிக்கு இல்ல, தம்பி," என்றார் அவர்.

தோட்டத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் ரவிக்கு உள்ளே போகும் அனுமதி போய்விடும். ஆற்றை ஒட்டி, ஈஜோக்கிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி என்பது போதும். முன்பு முழுக்கப் பால்மரம் என்னும் ரப்பர். இப்போது முழுக்க எண்ணெய் எடுக்கும் செம்பனை. பழக்குலைத் திருட்டு அதிகம் என்று வாசலில் இரும்பு கேட், காவலுக்கு ஒரு நேப்பாளி ஜாகா. வெளியாட்கள் யாரையும் விடுவதில்லை. மானேஜரிடம் பேசி ரவி மட்டும் ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார் – ஞாயிறு காலை, சைக்கிள் மட்டும்.

கேட்டில் ரவி பெயர் கொடுத்துக்கொண்டிருந்தபோது, தனலெட்சுமி ஹெல்மெட்டைப் புருவம் வரை இழுத்துவிட்டு எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அண்ணே, கொஞ்சம் மறைச்சாப்ல நில்லுங்க. அந்த ஜாகா என்னைப் பாத்திருக்காரு. ரெண்டு தடவ கார்ல வந்து கெஞ்சியிருக்கேன். ரெண்டு தடவயும் திருப்பி அனுப்பிட்டாரு."

"உள்ளே என்ன வேலை உங்களுக்கு?"

"மண்ணு எடுக்கணும்."

அந்தச் சில நிமிடங்களில் தாழ்ந்த குரலில் சொல்லி முடித்தார். நல்ல நிருபராக வந்திருப்பார் – ஒரு சொல் மிகையில்லை.

அவர் பிறந்தது இந்தத் தோட்டத்தின் கீழ் லயத்தில். லயம் என்றால் தொழிலாளர் குடியிருப்பு வரிசை. இங்கே மேல் லயம், கீழ் லயம் என்று இரண்டு இருந்தன. கீழ் லயத்தில் மதுரை வீரன் கோயில். அவருடைய அப்பாதான் பூசாரி. தோட்டத்தில் ஆட்களைக் குறைத்தபோது குடும்பம் ரவாங்குக்குப் போனது. தனலெட்சுமி அப்போது சிறு பிள்ளை. அப்பா, தட்டுமுட்டுச் சாமான்களோடு வீரன் சிலையையும் லோரியில் ஏற்றிக்கொண்டார். வாசலில் நின்ற சிமெண்ட் குதிரை ஏறவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

ரவாங்கில் தாமான் குடியிருப்பு ஓரத்தில், தகரக் கொட்டகையில் இத்தனை வருடம் இருந்த வீரனுக்கு இப்போதுதான் சொந்த நிலம் கிடைத்து, கோயில் எழும்பியிருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமை பீடம் வைப்பதாக இருந்தது. பீடத்துக்கு அடியில் பழைய இடத்து மண் ஒரு பிடி போட வேண்டும். பிடிமண் என்பார்கள். அது விழுந்தால்தான் சாமி இடம் மாறியதாகக் கணக்கு. சிலை மட்டும் போனால் சிலைதான் போயிருக்கிறது.

அவசரத்தில் அப்பா மண் எடுக்க மறந்துவிட்டார்.

"சாகற வரைக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தாரு, அண்ணே. 'நான் கல்லத்தான் தூக்கிட்டு வந்தேன். அவரு இன்னும் அங்கதான் நிக்கிறாரு'ன்னு. இப்ப கோயில் கமிட்டியில கேட்டா, 'எந்த மண்ணா இருந்தா என்ன லா, பின்னாடி ஆத்தோரம் ஒரு கை அள்ளிப் போடுங்க'ங்கிறாங்க. நான்தான் வேணாம்னு நிறுத்தி வச்சிருக்கேன். வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டாறேன்னு சொல்லிட்டேன்."

"இடம் ஞாபகம் இருக்கிறதா?"

"எனக்கு எங்க ஞாபகம்? எல்லாம் மாறிப்போச்சே. ஆனா அப்பா அடையாளம் சொல்லியிருக்காரு. 'குதிரைக்கு முன்னால எடு. அத யாராலயும் அசைக்க முடியாது. நின்ன எடத்துலதான் நிக்கும்'னாரு. இந்தத் தம்பியோட ஃபேஸ்புக்குல குதிரை படம் பாத்தேன். அப்பா வச்சிருந்த போட்டோல இருக்கிற அதே குதிரை. ஒடனே பேரு குடுத்துட்டேன்."

"ரவிக்குத் தெரியுமா?"

"சொன்னா விட மாட்டேன்னு சொல்லிட்டார்னா?"

கேட் திறந்தது. ஜாகா எல்ஸுக்கு வணக்கம் வைத்தார். எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை.

செம்பனைத் தோட்டத்துக்குள் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. செம்மண் பாதை. இரண்டு பக்கமும் ஒரே உயர மரம். வெட்டிப் போட்ட மட்டைகளைக் குவித்த வரிசை. வளைவு திரும்பினால் திரும்பாத மாதிரியே இருக்கும். வழி தவறினால் தவறியது தெரியக் கொஞ்ச நேரமாகும். இங்கே பிறந்து வளர்ந்தவர்கள்கூட இப்போது வந்தால் தங்கள் லயம் எங்கே இருந்தது என்று காட்ட முடியாது என்றார் ரவி. தனலெட்சுமி பெடலை மிதித்துக்கொண்டிருந்தார்.

பிறகு கோயில்.

ரவி பொய் சொல்லவில்லை – பார்க்கத்தான் வேண்டும். செங்கல் சுவர்கள் நான்கும் நிற்கின்றன. கூரை இல்லை. அத்திமரம் ஒன்று ஒரு மூலையிலிருந்து எழும்பி, வேர்களைச் சுவர் மேல் விரல்களைப் போலப் பரப்பிப் பிடித்திருக்கிறது. வாசலுக்கு மேலே சிமெண்டில் எழுதிய கோயில் பெயரை வேர் மூடிவிட்டது. அதன் கீழே ஆண்டு மட்டும் தெரிந்தது. அதை வைத்துத்தான் முதல் வரியில் கோயிலின் வயதைச் சொன்னேன்.

வாசலுக்கு வலப்புறம் குதிரை. என் நெஞ்சளவு உயரம். ஒரு காது உடைந்திருந்தது. முன்கால் ஒன்றை லேசாகத் தூக்கி, ஆற்றுப் பக்கம் பார்த்து நின்றது. குளம்புகளைச் சுற்றி இருந்த சிமெண்ட் மட்டும் கொஞ்சம் புதுசாக, வெளிர் சாம்பல் நிறத்தில் இருந்தது. யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ரவி ஹாலந்துக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். இது காவல் குதிரை. இரவில் சாமி இதில் ஏறித் தோட்டத்தைச் சுற்றி வரும். இத்தனை வருடமாக இந்தக் கோயிலைக் காத்து நிற்பது இதுதான்.

"எத்தனை நூற்றாண்டுப் பழமை?" என்று கேட்டார் பீட்டர்.

"வெரி ஓல்ட்," என்றார் ரவி.

பீட்டர் வாசலுக்கு மேலிருந்த எண்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நல்ல மனிதர், மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

இதைப் பற்றி அங்கே நின்று கொஞ்சம் யோசித்தேன். பிற ஊர்களில் கோயில் இடிபாடு என்றால் அரசன், படையெடுப்பு, பூகம்பம் என்று ஏதாவது ஒரு பெரிய காரணம் இருக்கும். நம்முடைய இடிபாட்டுக்குக் காரணம், ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள் என்பதுதான். கட்டியவர்களின் பிள்ளைகள் ரவாங்கில் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கட்டிடம் மட்டும் பழங்காலமாகிவிட்டது. ஒன்று பழங்காலமாக ஆயிரம் ஆண்டு தேவையில்லை போலிருக்கிறது. விசாரிக்க ஆள் வராமல் இருந்தால் போதும்.

நான் இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போது, தனலெட்சுமி ஷூவைக் கழற்றிவிட்டுக் குதிரைக்கு முன்னால் மண்டியிட்டிருந்தார். சொம்பிலிருந்து மஞ்சள் துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். கற்பூரம் கொளுத்தினார். குனிந்து, வலது கையால் ஒரு பிடி மண்ணை அள்ளிச் சொம்பில் போட்டார். இன்னொரு பிடி.

ரவி பேச்சைப் பாதியில் நிறுத்தினார்.

"அக்கா... என்னா செய்யறீங்க?"

"பிடிமண்ணு எடுக்கிறேன், தம்பி. இது எங்க கோயிலு. எங்க அப்பாதான் பூசாரி. ரவாங்ல வீரனுக்குப் புதுசா கட்டியிருக்கோம்." துணியால் சொம்பின் வாயைக் கட்டினார். "உங்களாலதான் கெடச்சுச்சு. ரொம்ப நன்றி."

ரவி குதிரையைப் பார்த்தார். பின்னாலிருந்த சுவரைப் பார்த்தார்.

"சரிங்க்கா," என்றார்.

"இவ்வளவு பெருசா இருக்கும்னு நெனைக்கல," என்றார் தனலெட்சுமி, சுவர்களை நிமிர்ந்து பார்த்து. "அப்பா சின்னக் கோயில்னுதான் சொல்லுவாரு."

கொஞ்ச தூரம் தள்ளி, கால்வாய் ஓரத்தில் ஒரு கொட்டகை. அங்கேதான் ஓய்வு. கறிபாப், ஃபிளாஸ்கில் தேநீர். தனலெட்சுமி சொம்பை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கையால் சாப்பிட்டார். பிடிமண்ணைத் தரையில் வைக்கக் கூடாது. வைத்தால் சாமி அந்த இடத்திலேயே இறங்கிவிடும் என்பது கணக்கு. இதை எல்ஸுக்கு நான் விளக்கினேன். எல்ஸ் உடனே தன் முதுகுப்பையைக் காலி செய்து நீட்டினார். தனலெட்சுமி சிரித்துத் தலையசைத்தார்.

மனத்தில் இருந்த பாரம் இறங்கிவிட்டால் மனிதர்கள் பேசுவார்கள். அவரும் பேசினார்.

"மேல் லயத்துல ஒரு மாரியம்மன் கோயில் இருந்துச்சாம், அண்ணே. தோட்டத்துக்கே பெரிய கோயிலு. திருவிழாவுக்கு எல்லார்கிட்டயும் வரி வாங்குவாங்க. எங்க ஆளுங்ககிட்டயும் வாங்குவாங்க. ஆனா உள்ள விட மாட்டாங்க. வெளிய, மழை பெஞ்சாலும் வெயில் அடிச்சாலும், வெளிய நின்னு கும்புட்டுட்டு வரணும். அதனாலதான் கீழ் லயத்துல வீரனுக்குத் தனியா கட்டுனது."

"இப்போது?"

"இப்ப அதெல்லாம் யாரு பாக்குறா? எல்லாரும் ஒரே தாமான்லதான் இருக்கோம். எங்க மருமகளே மேல் லயத்துக் குடும்பம்தான். நல்ல பொண்ணு. எங்களுக்கு அது போயிருச்சு. அப்பாவுக்குத்தான் போகல. அந்தக் கோயில் பேர எடுத்தாலே எழுந்திரிச்சுப் போயிருவாரு."

ரவி கறிபாப்பைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். என்னை ஜாடை காட்டிக் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். இந்தப் பிடிமண்ணு... கொஞ்சம் தள்ளி எடுத்தா பரவாயில்லையா?"

"எவ்வளவு தள்ளி?"

"ஒரு... ரெண்டு கிலோமீட்டர்."

நான் அவரைப் பார்த்தேன்.

"குதிரைய நான்தான் தூக்கிட்டு வந்து இங்க வச்சேன்," என்றார். "முந்தா வருஷம். கீழ் லயத்துல மறுநடவு நடந்துச்சு. மண்ணு அள்ளற பேக்ஹோ வந்து மேட்டையெல்லாம் தள்ளிக்கிட்டே வருது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா குதிரை மண்ணுக்குள்ள போயிருக்கும். பேக்ஹோக்காரர்கிட்ட நான்தான் சொல்லி, பெல்ட்டு போட்டுத் தூக்கி... இந்த எடம்தான் சுவரோட நல்லா இருந்துச்சு. அங்க பாலமும் ஒடஞ்சிருச்சு, சைக்கிள் போகாது. இங்க வச்சா போட்டோவுக்கும்..."

"அப்படியானால் அந்தச் சுவர்?"

"மாரியம்மன் கோயிலு. மேல் லயம்."

கால்வாய்த் தண்ணீர் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. ரவி கறிபாப்பை மறுபடி காகிதத்தில் சுற்றினார்.

"சொல்லாம விட்டா என்னா ஆவும், அண்ணே? அவங்களுக்குத் தெரியப் போறதில்ல. நிம்மதியா போயிருவாங்க. நான் சொன்னா... இந்தா, இவங்க முன்னால என் மூஞ்சி என்னா ஆவறது? வெள்ளைக்காரங்க ரிவியூ எழுதுவாங்க. 'ஃபேக்'னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா என் கதை முடிஞ்சுது."

நியாயமான கணக்குத்தான். ஒரு பக்கம் அவருடைய பிழைப்பு. இன்னொரு பக்கம் ஒரு பிடி மண். ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால் இரண்டு மண்ணும் ஒன்று என்றுதான் சொல்வார்கள். நான் என்ன சொல்வது? இதில் மண் என்னுடையதும் இல்லை, குதிரை என்னுடையதும் இல்லை.

"அவர் மடியில் வைத்திருப்பதைப் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டேன்.

ரவி எட்டிப் பார்த்தார். தனலெட்சுமி, தேநீர்க் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் சொம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ரவி திரும்பிப் போய் அவருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். என்னிடம் சொன்னதைவிடச் சுருக்கமாகச் சொன்னார். நான்கே வாக்கியம். பிறகு எழுந்து நின்று, அதையே பீட்டருக்கும் எல்ஸுக்கும் ஆங்கிலத்தில் சொன்னார். குதிரை இந்தக் கோயிலுடையது அல்ல. நான்தான் கொண்டுவந்து வைத்தேன். மன்னிக்கவும். கேட்டால் பயணக் கட்டணத்தைத் திருப்பித் தந்துவிடுகிறேன்.

தனலெட்சுமி சொம்பின் மேல் கட்டியிருந்த மஞ்சள் துணியைப் பார்த்தார். அதன் முடிச்சை விரலால் ஒரு முறை தடவினார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். முகம் சிவந்ததே தவிரக் குரல் ஏறவில்லை.

"அப்ப இது அம்மன் கோயில் மண்ணா?"

"ஆமாங்க்கா."

"மேல் லயத்து மண்ணு."

"ஆமா."

"இதக் கொண்டு போய் வீரனுக்கு அடியில போட்டிருப்பேன்." கொஞ்சம் பொறுத்து, "எங்க அப்பா படத்துலேர்ந்து எறங்கி வந்திருப்பாரு," என்றார்.

பிறகு எழுந்தார்.

"எந்தப் பக்கம்?"

"அக்கா, பாலம் இல்ல. மரம்தான் கெடக்கு. வழுக்கும்."

"எந்தப் பக்கம்னு கேட்டேன், தம்பி."

பீட்டர் ஏற்கெனவே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

கால்வாய் ஓரமாகவே மிதித்துப் போனோம்; பாலம் இருந்த இடத்தில் குறுக்கே ஒரு செம்பனைத் தண்டு விழுந்து கிடந்தது. சைக்கிள்களை இந்தப் பக்கம் விட்டுவிட்டு ஒவ்வொருவராகக் கடந்தோம். ரவி தண்ணீரில் இறங்கி, இடுப்பளவு நனைந்து, தனலெட்சுமிக்குத் தோளைக் கொடுத்தார். அவர் ஒரு கையால் ரவியின் தலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் சொம்போடு நடந்தார்.

"கீழ விழுந்தா நீ என்னைப் பிடிக்க வேணாம். சொம்பப் பிடி," என்றார். அதுவரை 'நீங்க' என்று பேசியவர் அப்போதுதான் 'நீ' என்றார். ரவிக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தப் பக்கம் முழுக்க இளங்கன்றுகள். இடுப்புயரம்தான். முக்கோணக் கணக்கில், கயிறு பிடித்து நட்டது. எங்கிருந்து பார்த்தாலும் வரிசை நேராக ஓடும். ரவி ஒரு வரிசையில் திரும்பி நடந்தார். நடுவில் ஓர் இடத்தில் ஒரு கன்று இல்லை.

செத்துப்போய்ப் பிடுங்கிய குழி இல்லை. நடவே இல்லை. வரிசை அங்கே வந்து, ஓரிடம் விட்டு, மறுபடி தொடர்ந்தது.

"இங்க நட மாட்டோம்னுட்டாங்க," என்றார் ரவி. "வங்காளதேசத்து ஆளுங்கதான் நட்டாங்க. கோயில் இருந்த எடம்னு பேக்ஹோக்காரர் சொல்லியிருக்காரு. அவங்க சாமி இல்ல. ஆனாலும் நடல."

புல்லை விலக்கினார். அடியில் உடைந்த ஒரு சிமெண்ட் தளம். அதில் நான்கு இடத்தில் துருப்பிடித்த கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. மூன்று நேராக, ஒன்று மட்டும் தள்ளி, சாய்வாக, கட்டையாக. மூன்று கால்களும், தூக்கிய காலுக்கு முட்டுக் கொடுத்த கம்பியும். திருத்தும் மேசையில் இதைவிடக் குறைந்த ஆதாரத்துக்கெல்லாம் செய்தியை அனுமதித்திருக்கிறேன்.

தனலெட்சுமி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வேலையில் இறங்கினார். சொம்பிலிருந்த மண்ணை மஞ்சள் துணியில் தட்டி, நான்கு முனையையும் சேர்த்து மூட்டையாக முடிந்தார். சொம்பை எல்ஸிடம் கொடுத்து, பாட்டில் தண்ணீரை ஊற்றச் சொல்லிக் கழுவினார். சிமெண்ட் தளத்துக்கு முன்னால் மண்டியிட்டார். மழைக்கு ஊறி இறுகிப்போன மண். விரல் இறங்கவில்லை. ரவி குச்சி தேடினார்.

"வேணாம்," என்றார் அவர். நகத்தாலேயே தோண்டினார்.

ஒரு பிடி. அவ்வளவுதான். சுரிதாரின் துப்பட்டாவைக் கிழித்துச் சொம்பின் வாயைக் கட்டினார். கற்பூரம் தீர்ந்துவிட்டது. பீட்டர் லைட்டரை நீட்டினார், ஆனால் கொளுத்த ஒன்றுமில்லை. அதைப் பற்றி தனலெட்சுமி கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எழுந்து, சொம்பை இடுப்பில் அணைத்து, எதிரே இருந்த வெறும் இடத்தைப் பார்த்தார்.

"வாங்க, போவோம்," என்றார்.

வீட்டுக்கு வந்து தங்கிவிட்ட மாமாவைக் காரில் ஏறச் சொல்கிற குரல். அதற்கு மேல் மந்திரம் எதுவும் இல்லை.

திரும்பும்போது சொம்பு முன்கூடையில், மஞ்சள் மூட்டை கைப்பிடியில் தொங்கியது. கொட்டகை அருகே வந்ததும் ரவி கேட்டார்.

"அக்கா, அந்த மண்ண இங்க எங்கயாவது கொட்டிட்டுப் போலாமா?"

"அம்மன் கோயில் மண்ணு, தம்பி. கால்வாயில கொட்டச் சொல்றியா? எடுத்த எடத்துலதான் வைக்கணும்."

மாரியம்மன் கோயில் வாசலில் மறுபடி இறங்கினோம். தனலெட்சுமி சொம்பை எல்ஸிடம் கொடுத்தார். எல்ஸ், யாரும் சொல்லாமலே ஷூவைக் கழற்றிவிட்டு, இரண்டு கையிலும் வாங்கி, அசையாமல் நின்றார்.

மண் எடுத்தது குதிரைக்கு முன்னால், வெளியே. அங்கேதான் வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குதிரையைத் தாண்டி நடந்தார். வாசலில் ஒரு நொடி நின்றார். வேர்த் தொங்கலுக்குக் குனிந்து உள்ளே போனார்.

வெளியிலிருந்து பார்த்தால் கொஞ்சம்தான் தெரிந்தது. சாமி இருந்த மேடைக்கு முன்னால் உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்தார். துணியை உதறினார். பிறகு உடனே எழவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தார். ஒரு சுவரைத் தொட்டார். மேலே வானத்தைப் பார்த்தார். வீடு வாடகைக்குப் பார்க்க வந்தவர்கள் பார்ப்பதைப் போல, நிதானமாக, ஒவ்வொரு மூலையாக.

வெளியே வந்தபோது முழங்காலில் செங்கல் தூசு.

ரவி தயாராக இருந்தார். "அக்கா, நாளைக்கே பேக்ஹோக்காரர்கிட்ட சொல்லி, குதிரையத் திரும்ப அங்கயே கொண்டு போய் வச்சிடறேன்."

"பாலமே இல்ல. அங்க வச்சா யாரு பாப்பா?"

"அப்ப ரவாங்குக்கு ஏத்தி விடவா? லோரி நான் பாக்குறேன்."

"அங்க புதுக் குதிரை சொல்லியாச்சு. வெள்ளைப் பெயிண்ட்டு அடிச்சு ரெடியா நிக்குது."

"பின்ன என்னாதான் செய்யறது?"

"இங்கயே இருக்கட்டும்," என்றார் தனலெட்சுமி, எல்ஸிடமிருந்து சொம்பை வாங்கிக்கொண்டு. "ஆனா வெளிய நிக்க வேணாம். வெயிலும் மழையும் போதும். உள்ள வை."

"உள்ளயா?"

"நெறைய எடம் கெடக்கு. பாத்துட்டுத்தான வந்தேன்."

வெள்ளிக்கிழமை பீடம் வைத்தாகிவிட்டது. போட்டோ அனுப்பியிருந்தார். ஹாலந்துக்காரர்கள் ரிவியூவும் எழுதிவிட்டார்கள். 'ஃபேக்' என்ற சொல் அதில் இல்லை. ஷூ நனையும், மாற்று ஷூ கொண்டு போகவும் என்று மட்டும் எச்சரித்திருக்கிறார்கள்.

நேற்று ரவி அழைத்தார். குதிரை உள்ளே போய்விட்டதாம்... வாசல்தான் குறுகலாக இருந்ததாம், கொஞ்சம் இடித்தார்களாம்.